எட்டுப் பலகைகளும் ஒரு சுழியும்

ஒரு பிரெஞ்சுச் சாமியார் தலையை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். இடது கையில் தீர்த்தச் செம்பு. வலது கையில் அதைத் தெளிக்கிற கோல். மேலே போன கோல் பாதியில் நின்றுவிட்டது. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு நீர் அவர் காலிலிருந்த சப்பாத்தின் மேல் விழுகிறது.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்த நேரம். பினாங்குத் துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த ஒரு பழைய கட்டடத்தின் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் வளைவுகளுக்குக் கீழே ஓடுகிற நடைபாதையில், பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தோம். கருவாடும் கிராம்பும் புது அரக்கும் ஒன்றாக மணத்தன.

சாமியார் பார்த்துக்கொண்டிருந்தது தையற்காரர் சவரிமுத்துவின் புதுக் கடைப் பலகையை. கறுப்பு அரக்கு பூசிய தேக்கில் செதுக்கித் தங்கத் தகடு ஒட்டிய எழுத்துகள். "சவரிமுத்து தையற்கடை, சாமியார் அங்கி முதல் சகல உடுப்புகளும் தைக்கப்படும்." எல்லாவற்றுக்கும் மேலே, நட்ட நடுவில், மற்ற எழுத்துகளைவிட இரண்டு மடங்கு பெரிதாக, வெயிலில் பளபளத்துக்கொண்டு ஒரு "உ".

பிள்ளையார் சுழி.

சாமியார் புதுச்சேரியில் பல வருடம் இருந்து பண்டிதரிடம் தமிழ் கற்றவர். கோழி வாங்கக்கூட இலக்கணம் பிசகாமல் பேசுவார். கோலை இறக்காமலே கேட்டார்.

"இஃது யாது?"

சவரிமுத்து என்னைப் பார்த்தார். அந்தச் சுழி அங்கே எப்படி வந்தது என்று அந்த அஞ்சடியில் அறிந்தவன் நான் ஒருவன்தான்.

போன மாதம் இந்தத் தொடரின் வாசகர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். "உங்கள் நினைவுகளில் எல்லாரும் தப்புச் செய்கிறார்கள், உங்களைத் தவிர." கடிதத்தை மேசையில் வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நியாயமான குற்றச்சாட்டு. இந்த வாரத்து எழுத்து அவருக்கு.

சிங்கத்தின் பல்

அந்தக் கட்டடத்தை ஜாதிக்காய் வியாபாரத்தில் பெரும்பொருள் கண்ட ஒருவர் கட்டினார் என்பார்கள். நான் பார்த்த காலத்திலேயே அதற்குக் கிழட்டு வயது. முகப்பின் உச்சியில் சுதையில் ஒரு பாய்மரக் கப்பல், இரண்டு பக்கமும் இரண்டு சிங்கங்கள். கீழே எட்டுக் கடைகள், மாடியில் ஆறு அறைகள். வாடகைக்கு விடுவது எங்கள் கம்பெனியின் வேலை. நான் அங்கே கிராணி, அதாவது குமாஸ்தா. முதல் யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

வாடகைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பலகை மாட்டினார்கள். தகரம், துணி, பாய், சாராயப் பெட்டியின் மூடி, எது கிடைத்ததோ அது. ஒரு வளைவில் மூன்று பலகைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு தொங்கின. மாடியில் பல் பிடுங்குகிற சீனர் ஒருவர் இருந்தார். தலையணை அளவில் மரத்தில் ஒரு கடைவாய்ப் பல் செய்து, மாட்ட வேறு இடம் இல்லாமல், இடது சிங்கத்தின் வாயில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். தெருவில் போகிறவர்களுக்கு முதலில் அவரிடம் வந்த நோயாளி சிங்கம்தான் என்று தோன்றும்.

கம்பெனிக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரை இதைப் பார்த்த அன்று பசியாறவில்லை என்று அவருடைய சமையற்காரன் சொன்னான். அவருக்குப் பழைய கட்டடங்கள் மேல் பக்தி. அந்த வாரமே எல்லாப் பலகையும் இறங்கின. இனிமேல் எட்டுக் கடைக்கும் ஒரே அளவில் எட்டுப் பலகைகள். கறுப்பு அரக்கு, தங்க எழுத்து. சுதையில் ஓர் ஆணிகூடப் படக்கூடாது, வளைவுக்குக் கீழே உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கவேண்டும். ஒவ்வொரு பலகையும், வரிகளின் இடமும் அளவும் குறித்துத் துரை கையெழுத்திட்ட வரைபடத்தின்படி இருக்கவேண்டும். கீழே சரியாக வந்தால் மாடியின் ஆறு பலகைகளும் அதே ஆளுக்கு.

ஆ ஹோக்

அந்த ஆள் ஆ ஹோக். சந்து ஒன்றுக்குள் அவருடைய பட்டறை. கற்பூர மரச் சீவல் கணுக்கால் வரை கிடக்கும். சீன எழுத்து மட்டும்தான் படிப்பார். ஆனால் ஆங்கிலம், மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்து, தமிழ், எது கொடுத்தாலும் செதுக்குவார். கோணல் இருந்தால் கோணலோடு செதுக்குவார்.

அவருக்கும் எங்களுக்கும் பொது மொழி சந்தை மலாய். அதிலும் அவருக்கு மிகப் பிடித்த சொல் ஒன்றே. "சாமா." அதே மாதிரி என்று பொருள். சீட்டைப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்து, விரலால் இதையும் அதையும் தொட்டு, "சாமா" என்பார். முடிந்தது. ஒருமுறை ஒருவர் கொடுத்த சீட்டில் செத்து ஒட்டியிருந்த கொசுவைச் செதுக்கலாமா என்று கேட்டு ஆள் அனுப்பினாராம். அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களிடம் அவர் கோபப்பட்டதில்லை. கேட்டுவிட்டுச் செய்வதுதான் சரி என்பது அவர் எண்ணம்.

இந்த வேலை கிடைத்ததும் அவர் சீனாவிலிருந்த தம்பிக்குக் கடிதம் போட்டார். மாடிப் பலகைகளுக்கு இரண்டு கை போதாது, புறப்பட்டு வா என்று. இதை என்னிடம் சொன்னபோது விரலில் ஆறு காட்டினார். ஆறு பலகைகள். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

சீட்டு

எட்டுக் கடைகளில் தமிழ் எழுத்து சவரிமுத்து கடைக்கு மட்டும். அவர் அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து தினமும் கப்பலில் கடந்து வருகிறவர். தன் கைப்பட எழுதிய வாசகத்தைக் கொடுத்தார். தலைப்பில் ஒரு சிறு சிலுவை, கீழே விஷயம். வேதக்காரர்கள் எதை எழுதினாலும் அப்படித்தான் தொடங்குவார்கள்.

எழுத்து அழகாக இல்லை. நான் மெட்ரிக்குலேஷன் வரை படித்தவன், கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன். ஒரு புதுத் தாளை எடுத்து நானே திருத்தமாக எழுதினேன். சிலுவையை விட்டுவிட்டேன். அது கடையின் பெயரில் சேராது என்று யோசித்தே விட்டேன். பிறகு என் வழக்கப்படி, எதையும் யோசிக்காமல், தாளின் உச்சியில் "உ" போட்டுவிட்டு வாசகத்தைத் தொடங்கினேன்.

ஆ ஹோக் சீட்டை வாங்கி, அந்தச் சுழியின் மேல் விரலை வைத்து இது என்ன என்று கேட்டார். கேட்கிற வழக்கம் அவருக்கு உண்டென்று சொன்னேன் அல்லவா? அந்த நேரம் நான் ரிக்‌ஷாக்காரனோடு தகராறு செய்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே எல்லாம் "சாமா, சாமா" என்றேன். தனியே உச்சியில் நின்றதால் அது கடையின் சாப்பு, கடைச் சின்னம், என்று அவர் எடுத்துக்கொண்டார். சின்னமென்றால் பெரிதாக இருக்கவேண்டும். தங்கமும் கூடுதலாக ஒட்டினார்.

மாட்டுவதற்கு முன் பலகையைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவனும் நான்தான். எழுத்துக்கு எழுத்து படித்தேன். சுழி கண்ணில் படவே இல்லை. நெற்றியில் திருநீறு இருந்தால் யார் கவனிக்கிறார்கள்? இல்லாவிட்டால்தானே தெரியும்.

முதல் கடை எங்கே?

பலகைகள் சனிக்கிழமை மாலை ஏறின. ஞாயிறு காலை, சாமியார் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால், சவரிமுத்து என் சட்டையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்தார்.

"ஏன்யா கிராணியாரே, எங்கடைக்கு ஒங்க புள்ளையார யாருய்யா குடிவெச்சது?"

சீனன் செய்த வேலை என்றேன். வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். யோசித்துச் சொன்னேன் என்றால்கூட மன்னிக்கலாம்.

"சீனனுக்கு எப்படிங்கய்யா புள்ளையார் சுழி தெரியும்? நான் போட்ட சிலுவைய எடுக்கத் தெரிஞ்சிது, ஒங்க சுழிய எடுக்கத் தெரியலியா?"

பதில் சொல்வதற்குள் சாமியார் வந்துவிட்டார். மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன். கோல் மேலே நிற்கிறது, சொட்டு விழுகிறது, இஃது யாது என்கிறார்.

தமிழில் இரண்டு என்ற எண்ணையும் அப்படித்தான் எழுதுவோம். "அது எழுத்தில்லை சுவாமி, எண். இரண்டாவது கடை என்று அர்த்தம்" என்றேன்.

சாமியார் முகம் மலர்ந்தது. "அங்ஙனமாயின் முதலாவது கடை எங்குளது?"

சவரிமுத்துவுக்கு அன்று வரை ஒரே கடை. ஒரே தையல் இயந்திரம். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஊர்ல இருக்கு சாமி, நாகப்பட்டணத்துல" என்றார். கோல் இறங்கியது. தீர்த்தம் பிள்ளையார் சுழியின் மேல் தாராளமாக விழுந்தது.

அந்த வாரமே சவரிமுத்து பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், பாவத்தை ஒப்புக்கொள்கிற திரைக்கு முன்னால் சாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரக்கூடாத ஒரு சிரிப்புச் சத்தம் வந்ததாம். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் யாரிடமும் சொல்ல முடியாது. ஆக, எங்கள் பொய் திருச்சபையின் காவலில் பத்திரமாக இருந்தது.

இன்னொரு பக்கம் வியாபாரம் ஏறியது. இரண்டு கடை வைத்திருக்கிறவன் துணி திருடமாட்டான் என்று நம்பி நிபோங் திபால் தோட்டத்துக் கங்காணிகள் கல்யாணக் கோட்டு தைக்க வந்தார்கள். பக்கத்துத் தெருத் தையற்காரர் இதைப் பொறுக்காமல் தன் தகரப் பலகையில் தமிழில் மூன்று என்று போட்டார். அடுத்த மாதம் ஒரு முடிதிருத்தும் கடை ஏழு என்று போட்டது. நாகப்பட்டணத்து முதல் கடையில் வேலை கிடைக்குமா என்று ஊருக்குத் திரும்புகிறவர் ஒருவர் வந்து கேட்டபோது சவரிமுத்து, "அங்க ஆளு ரொம்பிப் போச்சுங்க" என்றார். பொய்க்கு அவர் நாக்கு பழகிவிட்டது. அதற்கும் நான்தான் காரணம்.

படிக்கத் தெரிந்த ஒரே ஆள்

இதுவரை சிரிக்கலாம்.

தீர்த்தம் தெளித்த மறுநாள், திங்கட்கிழமை, துரை கட்டடத்தைச் சுற்றி வந்தார். கையில் வரைபடங்கள். ஏழு பலகைகள் சரி. எட்டாவதில், தான் கையெழுத்திட்ட படத்தில் இல்லாத ஒன்று தங்கத்தில் மின்னியது. தெருவுக்கு எதிர்ப்புறத்திலிருந்த எங்கள் ஆபீசுக்கு ஆ ஹோக்கைக் கூட்டிவரச் சொன்னார். என்னையும் அறைக்குள் நிற்கச் சொன்னார்.

ஆ ஹோக் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். மாடிப் பலகைகளைப் பற்றிப் பேசத்தான் அழைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கவேண்டும். விஷயம் புரிந்ததும் இடுப்பு மடியிலிருந்து என் சீட்டை எடுத்து, மடிப்பை நீவி, துரையின் மேசை மேல் வைத்தார். சுழியின் மேல் விரல் வைத்தார். பிறகு சன்னல் வழியாகத் தெரிந்த பலகையைக் காட்டினார்.

"சாமா" என்றார்.

துரை சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆ ஹோக்குக்கும் தெரியாது. அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள், அதை எழுதிய ஆள். துரை அதை என்னிடம் நீட்டினார். மேலே இருப்பது என்ன?

அந்த வருடம் தலைமைக் கிராணி வேலை காலியாக இருந்தது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் என் மனத்தில் வேறெதுவும் இல்லை என்பதால் சொல்கிறேன்.

"அது என் சீட்டின் எண், சார். இரண்டு" என்றேன். ஏன் இரண்டு என்று கேட்டார். முதல் சீட்டில் மை கொட்டிவிட்டது என்றேன். பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் முன்னாலேயே வந்து நின்றது.

ஆபீஸ் எண்ணைச் செதுக்குகிறவனை நம்பி மாடியைக் கொடுக்க முடியாது என்றார் துரை.

ஆ ஹோக்குக்கு ஆங்கிலம் தெரியாது. துரை முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே வந்ததும், துவானிடம், அதாவது துரையிடம், என்ன சொன்னாய் என்று மலாயில் கேட்டார்.

நீ நல்ல வேலைக்காரன் என்று சொன்னேன் என்றேன்.

மாடியின் ஆறு பலகைகளும் வேறொருவருக்குப் போயின. அந்த ஆள் இரண்டு பெயரைத் தப்பாகச் செதுக்கினார். கீழே எட்டாவது பலகையை மாற்றலாமா என்று துரை கேட்டனுப்பியபோது, சாமியார் மந்திரித்த பலகையை இறக்கக்கூடாது என்று சவரிமுத்து மறுத்துவிட்டார். கங்காணிகளை இழக்க அவருக்கு மனமில்லை.

ஆ ஹோக்கின் தம்பி அடுத்த கப்பலில் வந்து இறங்கினான். உளிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தானாம். ஒரு மாதம் கழித்து அவன் படகுத்துறையில் அரிசி மூட்டை தூக்குவதைப் பார்த்தேன். பிறகு ஈப்போப் பக்கம் ஈயச் சுரங்கத்துக்குப் போய்விட்டான் என்று கேள்வி.

நல்ல கதை

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. நான் தலைமைக் கிராணி ஆனேன். கிராணிகள் கூடுகிற இடங்களில், கோப்பிக்கடையில், கல்யாணப் பந்தியில், ஆபீஸ் எண்ணைத் தங்கத்தில் செதுக்கிய சீனன் கதையைச் சொன்னேன். கொசுவையும் சேர்த்துக்கொண்டேன். நன்றாகச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் சிரித்தார்கள். "அந்தக் கதையைச் சொல்லுங்கண்ணே" என்று கேட்டு வாங்குவார்கள்.

கேட்டவர்களெல்லாம் ஏதாவது ஒரு கம்பெனியில் பலகைக்கு ஆள் தேடிக் கொடுக்கிற இடத்தில் இருந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் ஆ ஹோக்கிடம் போவதை நிறுத்தினார்கள். அவருக்குச் சவப்பெட்டிக் கடைகளும் சில கோயில்களும் மிஞ்சின. நான் கதையை நிறுத்தவில்லை.

ஒருநாள் பந்தியில் சொல்லி முடித்தபோது எல்லாரும் சிரித்தார்கள், எதிரில் இருந்த சவரிமுத்து மட்டும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவுகிற இடத்தில் மெதுவாகச் சொன்னார்.

"நான் சொன்ன பொய்ய ஒருத்தருகிட்ட எறக்கிவெச்சிட்டேன், கிராணியாரே. நீங்க ஒங்களத பந்தி பந்தியா பரிமாறுறீங்க."

அதற்குப் பிறகு சொல்லவில்லை. ஆனால் ஆ ஹோக்கிடம் போகவும் இல்லை.

பெயர்

நாலைந்து வருடம் கழித்துத் துரை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கப்பலேறினார். துறைமுகத்தில் மாலை போட்டு அனுப்பிவைத்தோம். கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகு எனக்கு வீரம் வந்தது. அங்கிருந்து நேராகச் சந்துக்கு நடந்தேன்.

ஆ ஹோக் ஒரு சவப்பெட்டிக் கடைப் பலகையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். சீவல் முன்போல் கணுக்கால் வரை இல்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன். என் மலாய் சந்தையில் மீன் வாங்கக் கற்றது. அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. "சாயா சாலா" என்றேன். நான் தப்பு என்று பொருள்.

உளி நிற்கவில்லை. துவானுக்குத் தெரியுமா என்று கேட்டார். துவான் ஊருக்குப் போய்விட்டார் என்றேன். எப்போது? இன்று காலை. அப்போது உளி நின்றது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு தாளையும் பென்சிலையும் மரத்தூசி தட்டி என் முன்னால் வைத்து, எழுது என்றார்.

ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். புதிய துரை கண்ணில் பட்டால்? தமிழில் எழுதினேன். "பலகையில் அன்று ஒரு தவறு நேர்ந்துவிட்டது."

அவர் என்னைப் படித்துக் காட்டச் சொல்லவில்லை. தாளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். வழி நெடுக அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சவரிமுத்து கடைக்குள் நுழைந்து, தைத்துக்கொண்டிருந்த அங்கியின் மேல் தாளை வைத்தார்.

சவரிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"யாரு செஞ்சான்னு இதுல இல்லியே. தவறு தானா நடந்து வந்து பலகையில ஏறிச்சா?"

அவர் ஆ ஹோக்கிடம் திரும்பி மலாயில் விளக்கினார். தப்பு என்று இருக்கிறது, ஆள் இல்லை.

ஆ ஹோக் பென்சிலை என் கையில் திணித்தார். "நாமா" என்றார். பெயர்.

தையல் மேசையில் குனிந்து எழுதினேன். சீட்டை எழுதியது நான். ஆ ஹோக் அதில் இருந்ததை இருந்தபடி செதுக்கினார். அவர் கேட்டார், நான் பார்க்கவில்லை. பிறகு துரையிடம் பொய் சொன்னேன். கீழே என் பெயர், அதற்குக் கீழே தலைமைக் கிராணி என்று உத்தியோகம். சவரிமுத்து ஒவ்வொரு வாக்கியமாகப் படித்து மலாயில் சொன்னார். முடிந்ததும் ஆ ஹோக் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். கேட்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை.

பிறகு மேசையிலிருந்த அளவு நாடாவை எடுத்துத் தாளின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார். பட்டறை வாசலில் ஒரு பலகைக்கு இடம் இருக்கிறது என்றார். எழுத்து என்ன உயரம் வேண்டும் என்று வாடிக்கைக்காரனிடம் கேட்பதுபோல் என்னிடம் கேட்டார்.

சிறியதாகவே இருக்கட்டும் என்றேன்.

அவர் சிறியதாகச் செய்யவில்லை.